மலை ஓடும் மகளும் பிரிக்காத நாப்கின் பாக்கெட்டும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். மகளுக்கு 18 வயது, கல்லூரியில் முதலாண்டு. பள்ளியில் 3000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மூன்று வருடமாக மலைப்பாதை ஓட்டத்துக்கு மாறிவிட்டாள். இந்திய அணியில் ஒருமுறை வெளிநாடு போய், 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடிவிட்டும் வந்தாள். இன்னும் நான்கு மாதத்தில் அடுத்த சர்வதேச சாம்பியன்ஷிப். எந்தப் போட்டி, எந்த நாடு என்பதை நான் எடுத்துவிட்டேன். நம் பக்கத்தில் இப்படி ஓடுகிற பெண்பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஊருக்குத் தெரிந்துபோகும்.

"எடை குறைந்தால் ஏற்றம் சுலபம்" என்று பயிற்சியாளர் சொன்னதிலிருந்து மகள் அளந்துதான் சாப்பிடுகிறாள். ஒரு வருடத்தில் 48 கிலோ 43 ஆகியிருக்கிறது. தினமும் காலையில் எடை பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். ஏழு மாதமாகத் தூரம் (மாதவிடாய்) இல்லை. மகள் சொல்லவில்லை. அலமாரியில் நாப்கின் பாக்கெட் பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்துத்தான் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சியாளரிடம் கேட்டால், "ஓடுற பொண்ணுங்களுக்கு இது சகஜம், தொந்தரவு இல்லாம இருக்கட்டுமே" என்கிறார். ஒன்றரை மாதமாக இடது முன்னங்காலில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். அசதியாக இருக்கிறாள் என்று பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.8. ஆச்சியோ, "மலையில குதிச்சு ஓடுனா கர்ப்பப்பை இறங்கிரும், நிறுத்துளா" என்று ஒரே பிடி. இதற்கு நடுவில் பயணச் செலவுக்கு மகளிர் குழுவில் ஒரு லட்சம் கடன் வேறு எடுத்தாகிவிட்டது. ஓட்டத்தை நிறுத்திவிடவா, மாத்திரை கொடுத்துத் தூரம் வரவைக்கலாமா, பின்னால் குழந்தை பிறக்குமா என்று கேட்கிறார். மகளுக்குத் தெரியாமல் எழுதுவதாகவும் ஒரு வரி.

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தோடு மற்றதைப் படிக்க வேண்டாம். இந்த மாதிரி நின்ற மாதவிடாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்தவர்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், பெற்ற பிறகு ஓடியும் இருக்கிறார்கள். டாக்டராக எனக்குக் கர்ப்பப்பையைவிட எலும்பைப் பற்றித்தான் கவலை. ஓட்டத்தால் கர்ப்பப்பை இறங்கும் என்று ஆச்சி சொல்வது சரியல்ல. ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர்தான் முதலில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். பயிற்சியாளருக்கு அதுகூடத் தோன்றவில்லை.

தூரம் ஏன் நின்றது

ஓடுகிற பெண்களில் பலருக்கு இப்படி ஆகிறது என்பது உண்மை. பலருக்கு ஆவதால் அது சரியாகிவிடாது. நம் ஊரில் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது, அதை யாராவது நல்லது என்போமா?

மகளின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நாலரைக்குச் சர்க்கரை போடாத கடுங்காப்பி. 14 கிலோமீட்டர் ஏற்ற இறக்க ஓட்டம். வந்ததும் இரண்டு இட்லி. மதியம் டப்பாவில் பாதி எலுமிச்சைச் சோறு, மீதி பாதி திரும்பி வந்து கோழிக்குப் போகிறது. சாயங்காலம் ஒரு வாழைப்பழம், அப்புறம் உடற்பயிற்சி. ராத்திரி எண்ணெய் இல்லாத இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். நீங்கள் கிண்டிவைத்த உளுந்தங்களி தொடாமல் கிடந்து காய்ந்ததாம்.

தாராளமாகப் போட்டாலும் இது 1300 கலோரியைத் தாண்டாது. 43 கிலோ உடம்பு மேடும் பள்ளமுமாக 14 கிலோமீட்டர் ஓட 700 கலோரியாவது எரியும். மிச்சம் 600. இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, எலும்பு வளர, ரத்தம் ஊற எல்லாவற்றுக்கும் அந்த அறுநூறுதான். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 45 கலோரி இந்த வேலைகளுக்கென்று மிஞ்ச வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் மகளுக்கு 20-கூட இல்லை.

வருமானம் குறைந்த வீட்டில் முதலில் எந்தச் செலவை நிறுத்துவீர்கள்? இன்றைக்கு உயிர் போகாத செலவை. மூளையும் அதையேதான் செய்கிறது. கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் போகிற உத்தரவை நிறுத்திவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பைக் காப்பாற்றுகிற ஹார்மோன். பெண்ணுக்கு வாழ்நாள் முழுமைக்குமான எலும்புக் கையிருப்பு சேருவது இருபது வயதை ஒட்டிய இந்த வருடங்களில்தான். உங்கள் மகள் சேமிக்க வேண்டிய காலத்தில் எடுத்துச் செலவழிக்கிறாள். இந்த நிலையை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்கிறோம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதைப் பற்றி 2014-இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியிட்டு, 2018-இலும் 2023-இலும் புதுப்பித்தது. ஆண்களுக்கும் இது வரும், அவர்களிடம் நாப்கின் பாக்கெட் மாதிரி ஓர் அடையாளம் கிடையாது, அவ்வளவுதான்.

சரி, எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேலேயே போட்டுவிட முடியாது. தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி எல்லாவற்றையும் பார்த்து, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். தூரம் நின்ற எந்தப் பெண்ணுக்கும் முதலில் எழுதுகிற பரிசோதனை அது. பிள்ளையைச் சந்தேகப்படுகிறார்கள் என்று மனசு நோக வேண்டாம், அவளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாத்திரை கொடுத்து வரவைப்பது பற்றிக் கேட்டீர்கள். சில மாத்திரைகளை நிறுத்தியதும் உதிரம் வரும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். ஆனால் அது மாத்திரை வரவைத்த உதிரம், உடம்பு தானாகத் தொடங்கியதல்ல. எலும்பு தேய்வது தேய்ந்துகொண்டே இருக்கும், நமக்கு இருந்த ஒரே எச்சரிக்கை மணியையும் துணி சுற்றிக் கட்டினதாகிவிடும். ஆகவே மாத்திரை முதல் மருந்தல்ல. சோறுதான்.

எடை குறைந்தால் ஏற்றம் சுலபம் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தப் பேச்சு பிள்ளைகளின் மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தாய்லாந்தின் சியாங் மாயில் 2022-இலும், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 2023-இலும், ஸ்பெயினின் கான்ஃபிராங்கில் 2025-இலும் நடந்த உலக மலை ஓட்ட சாம்பியன்ஷிப்களில் ஏற்றம் மட்டும் ஓடுவது ஒரு போட்டி, ஏறி இறங்குவது இன்னொரு போட்டி. உங்கள் மகள் ஓடுவது இரண்டாவது வகை. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, காலெலும்பு சமதரையைவிடக் கூடுதலாக அடி வாங்குகிறது. தசையும் எலும்பும் கரைந்த உடம்போடு மேலே போவது ஒருவேளை சுலபமாக இருக்கலாம். கீழேயும் இறங்க வேண்டுமே.

அந்தக் கால் வலி

ஏழு பக்கக் கடிதத்தில் இதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் அவசரம். எலும்பில் ஏற்படுகிற மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சில சமயம் அப்புறமும் தெரியாது. எக்ஸ்ரேயில் இல்லை என்றால் விரிசல் இல்லை என்று அர்த்தமில்லை.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். மகளை உட்காரவைத்து, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய சவ்வின் வீக்கம். பத்து பைசா அகலத்தில் ஒரே புள்ளியில் "அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வலி எலும்பின் முன்பக்க விளிம்பிலோ, இடுப்பிலோ தொடை இடுக்கிலோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்து விரிசல்கள் முழு முறிவில் கொண்டுபோய் விடக்கூடியவை.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டையும் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), வைட்டமின் டி, தைராய்டு, மற்ற ஹார்மோன்கள் என்று எழுதித் தருவார்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தூரம் இல்லாமல் எலும்பிலும் வலி இருந்தால் தேவை என்பது என் கருத்து.

குளுக்கோஸ் பாட்டில்

இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் அசதி என்றால் ஒரு பாட்டில் ஏற்றுவது டீ குடிக்கிற மாதிரி. சர்வதேசப் போட்டியில் ஓடுகிறவளுக்கு அது ஊக்கமருந்து விதிமீறல். பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், வெறும் உப்புநீராக இருந்தாலும், தடை. போட்டி இல்லாத நாட்களுக்கும் இது பொருந்தும். ஆஸ்பத்திரியில் முறையான சிகிச்சை, அறுவை சிகிச்சை, சில பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரை லிட்டர் பாட்டில் அந்தக் கணக்கில் ஐந்து மடங்கு. இரும்புச்சத்து ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், இரும்புக்குத் தடையில்லை, அதைக் கலக்கும் திரவத்தின் அளவைக் கேளுங்கள்.

அந்த இரண்டு ஊசி என்னவென்று கிளினிக்கில் சீட்டு எழுதி வாங்குங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் போடுகிற ஊசியில் ஸ்டீராய்டு இருப்பது உண்டு. அது போட்டிக் காலத்தில் தடை, சில வகை உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். சீட்டில்லாத லேகியம், ஜிம்மில் விற்கும் பவுடர் எதுவும் வேண்டாம். இந்தியாவில் 2022-இலேயே ஊக்கமருந்துத் தடுப்புக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. உடம்பில் போனதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. தெரியாமல் நடந்தது என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் உட்காருவதற்கு முன்பே "நான் போட்டியில் ஓடுகிறேன்" என்று மகள் சொல்ல வேண்டும். போன விஷயம் இனி மாறாது, சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

நான்கு மாதத்தில் முடியுமா

முடியலாம். முடியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ.யில் லேசான பாதிப்பு என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கூடாது. அந்த நாட்களில் சைக்கிளும் நீச்சல் குளத்தில் ஆழத்தில் கால் படாமல் ஓடுவதும் போதும். தாமிரபரணியில் வேண்டாம், சுழல் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அதன்பிறகு நடையும் ஓட்டமுமாக ஏற்றினால் போட்டிக்கு முன் எட்டு ஒன்பது வாரம் கிடைக்கும். இறுக்கமான கணக்குத்தான், நடக்காத கணக்கல்ல. ஆனால் அதற்குள் எடை ஏறாமல், வலி போகாமல் இருந்தால் நான் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன். ஒலிம்பிக் கமிட்டியின் 2023 முறையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு அபாய நிலை உண்டு. சிவப்பில் இருப்பவரைப் போட்டிக்கு அனுப்புவதில்லை. தூரம் திரும்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், அதை மட்டும் வைத்து நாள் குறிக்க வேண்டாம்.

இந்த முறை போகாவிட்டால் எல்லாம் போச்சு என்று அவள் நினைக்கக்கூடும். பிறந்த தேதியைப் பாருங்கள். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 20 ஆகாமல் இருந்தால் அந்த ஆண்டும் அதே பிரிவில் ஓடலாம். அதற்கு மேல் பெரியவர்கள் பிரிவு இருக்கிறது. மலை ஓட்டத்தில் முப்பது தாண்டி உச்சத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

கடனைப் பற்றி. டிக்கெட் எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. எடுக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. முடிவு வரும்வரை எடுக்காதீர்கள், பணம் செலவாகாமல் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று 2023-இல் அரசு தொடங்கியது இருக்கிறது. உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். பாளையங்கோட்டையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த ஒரு லட்சத்தை மகள் முன்னால் பேசாதீர்கள். கால் வலிக்கிறது என்று அவள் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

விடியற்காலையில் இருட்டோடு அணைச் சாலையில் ஓடுகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் ஓடுவது வனச் சட்டப்படி குற்றம். அதைவிட, 2022-இல் கடையம் பக்கம் கரடி மூன்று பேரைக் குதறியது உங்களுக்கே நினைவிருக்கும். விடிந்த பிறகு ஓடட்டும். ஏற்றத்துக்குத் தோரணமலை முருகன் கோயில் படி போதாதா?

அவளிடம் எப்படிப் பேசுவது

உங்கள் மகளுக்கு 18 வயது முடிந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அவள். முடிவுகள் அவளுடையவை. அவள் அனுமதி இல்லாமல் எந்த டாக்டரும் உங்களிடமோ பயிற்சியாளரிடமோ சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். அலமாரியைப் பார்த்தது தாய் மனசு, குறை சொல்லவில்லை. ஆனால் இனி அவளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பிடும்போது பேச்சை எடுக்காதீர்கள். தட்டுக்கு முன்னால் தொடங்கினால் அது தட்டோடு நடக்கும் சண்டையாகிவிடும். ஒரு சாயங்காலம் மடியிலிருக்கும் பீடி சுற்றும் சுளகை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். நீங்கள் சுளகை இறக்கினாலே விஷயம் பெரியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். (பீடித் தூள் பறக்கும் அந்த அறையில்தான் அவள் தூங்குகிறாளா? அதையும் ஒரு நாள் பேச வேண்டும்.) "ஏன் சாப்பிட மாட்டேங்கிற" என்று கேட்காதீர்கள். "கால் எப்படி இருக்கு" என்று கேளுங்கள். தூரத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற பிள்ளைகூடக் காலைப் பற்றிப் பேசும். சாப்பாட்டைக் கண்டாலே அழுகிறாள், தின்றதை வாந்தி எடுக்கிறாள் என்றால் அது என் ஒருத்தியின் வேலையல்ல, மனநல மருத்துவரும் வேண்டும்.

பயிற்சியாளரை வில்லனாக்க வேண்டாம். சம்பளம் இல்லாமல் பிள்ளைகளை ஓடவைக்கிற மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனக்குக் கற்றுத்தந்தவர்கள் சொன்னதை அவர் சொல்கிறார். ஆனால் எடையைக் குழுவில் போடுவது இன்றோடு நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறார்களோ. மருத்துவ விஷயத்தைத் தடகளச் சம்மேளனத்துக்குச் சொல்லாமல் மறைக்கலாம் என்று அவர் சொன்னால், மகள் எதிலும் பொய்யாகக் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் விரும்பினால் என்னோடு பேசட்டும், மகள் சம்மதித்தால்.

சாப்பாட்டை ஒரே நாளில் இரட்டிப்பாக்க வேண்டாம், வயிறு கேட்காது. ஓடுவதற்கு முன் கடுங்காப்பியில் கருப்பட்டியும் ஒரு வாழைப்பழமும். ஓடி வந்த அரை மணிக்குள் ஏதாவது வாய்க்குள் போக வேண்டும், குளித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளக் கூடாது. இட்லி இரண்டு நான்காகட்டும், மேலே நல்லெண்ணெய்ப் பொடி. மதியச் சோற்றோடு முட்டை அல்லது மீன், கைப்பிடி நிலக்கடலை. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் பாதி வீண். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தாலும் நன்றாகவே சேரும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் வரும்போது அவள் ஓடுகிற ஷூவையும் எடுத்துவரச் சொல்லுங்கள், அடிப்பகுதித் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக, உளுந்தங்களியைத் திரும்பக் கொடுக்கலாமா, எண்ணெயைக் குறைத்துக் கிண்டவா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். சடங்கான பிள்ளைக்கு ஆச்சி எப்படிக் கிண்டிக் கொடுத்தாரோ அப்படியே, கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் குறைக்காமல். முடிந்தால் ஆச்சியையே கிண்டச் சொல்லுங்கள்.